காற்றுக் குழாய்க்குச் சந்தனம்

என் கணவரின் நெஞ்சுக்குள்ளிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு டாக்டர்கள் உலோகத்தில் ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் அது மூடுகிற சத்தம். கூட்டத்தில் நின்றால் யாருக்கும் தெரியாது. வீட்டில் மிக்ஸி ஓடாதபோது, மின்விசிறி நின்றபோது, பக்கத்தில் உட்கார்ந்தால் நன்றாகவே கேட்கும். முதல் தடவை கேட்ட விருந்தாளி ஒருவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தார்.

எனக்கு அந்தச் சத்தம் வேண்டும். நான் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். ஆபரேஷன் முடிந்து அவர் வீட்டுக்கு வந்ததிலிருந்து, கொஞ்சம் தைப்பேன், மெஷினை நிறுத்துவேன், காதைத் தீட்டிக்கொள்வேன். அடுத்த அறையில் டிக் டிக் கேட்டால் மறுபடி மிதிப்பேன். கேட்கவில்லை என்றால் துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். ஓடிப்போய்ப் பார்த்தால் மனுஷன் மொட்டை மாடியில் துண்டு காயப்போட்டுக்கொண்டிருப்பார். "எந்தா, தீப்பிடிச்சுதா?" என்பார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வரும். கோபம் வந்தால் கூடவே மலையாளமும் வந்துவிடும். எங்கள் இரண்டு வீடும் தமிழ் வீடுகள்தான். ஆனால் கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கொஞ்சுவது தமிழில், திட்டுவது மலையாளத்தில் என்று ஆகிவிடுகிறது.

இன்னொரு பயம் ரத்தம். உலோக வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளக் கூடாது என்று அவருக்குத் தினமும் ஒரு மாத்திரை. அதனால் சின்னக் கீறல் பட்டாலும் லேசில் நிற்காது. டாக்டர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்தால் போதும் என்று. நான்தான் வீட்டுக்கு வந்ததும் பிளேடு, கத்தி, என் கத்தரிக்கோல்கள் எல்லாவற்றையும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். மாம்பழம் வேண்டும் என்றால்கூட நான் வந்து அரிந்து கொடுக்க வேண்டும். குழந்தை மாதிரி நடத்துகிறாய் என்று சலித்துக்கொண்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவருக்கு வெலிங்டன் தீவில் ஒரு தேயிலைக் கிடங்கில் வேலை. மறுபடி வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் நான் அவரை வண்டி ஓட்ட விடவில்லை. லைசென்ஸ் வாங்கியதோடு காரை மறந்துபோன நானே ஸ்டியரிங்கைப் பிடித்தேன். தினமும் காலையில் கொண்டுபோய் விடுவேன், சாயங்காலம் கூட்டி வருவேன். கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு ஏசி போடுவேன். அவர் ரேடியோவைத் திருகுவார், நான் அணைப்பேன். "பாட்டு கேட்டா எனக்கு ஓட்ட வராது" என்பேன். அதில் பாதிதான் நிஜம். மூடிய காருக்குள் டிக் டிக் மிகத் தெளிவாகக் கேட்கும். பாட்டு ஓடினால் கேட்காது.

இப்படி இருக்கும்போது ஒருநாள் பார்சலில் ஒரு பெட்டி வந்தது. பிரித்தால் உள்ளே வளைந்த அலுமினியக் குழாய் ஒன்று, சிவப்பாகக் கூம்பு வடிவில் ஏதோ ஒன்று, ரப்பர் வளையங்கள், உலோகப் பட்டைகள்.

"என்னங்க இது?"

"காத்துக் குழாய். எஞ்சினுக்குக் காத்து போற வழி. கம்பெனிக்காரன் வெச்சது ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதை எடுத்துட்டு இதைப் போட்டா வண்டி நல்லா மூச்சு விடும், நல்லா இழுக்கும்."

"நம்ம வண்டி எங்க இழுத்துட்டுப் போகணும்? தோப்பும்படி பாலம் ஏறி இறங்கணும், அவ்வளவுதானே?"

"சத்தமும் கொஞ்சம் மாறும்," என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையை நான் கவனிக்கவே இல்லை. என் கண் முழுக்க அந்த உலோகப் பட்டைகளின் விளிம்பில் இருந்தது. கத்தி மாதிரி இருந்தன. ஞாயிற்றுக்கிழமை தானே மாட்டப் போவதாக அவர் சொன்னார். தோப்பும்படியில் எத்தனையோ வொர்க்‌ஷாப் இருக்கிறது, கொடுத்துவிடலாம் என்றேன். "குடுக்கலாம். நானும் போய்க் கூட நிப்பேன்" என்றார். அவர் எப்படி நிற்பார் என்று எனக்குத் தெரியும். நிற்கவே மாட்டார், கையை உள்ளே விடுவார். அங்கே தகரம் வெட்டிக்கொண்டிருப்பார்கள், தீப்பொறி பறந்துகொண்டிருக்கும். இங்கே என் கண் முன்னால் இருந்தாலாவது தேவலை என்று தோன்றியது.

"நீங்க தொட வேண்டா. நானே மாட்டறேன்," என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்புக்கு முன்னால் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப எடுப்பது? மாட்டிக்கொண்டேன்.

எங்கள் சந்துக்குள் கார் வராது. பக்கத்துத் தெருவில் சுக்கும் மிளகும் அடுக்கி வைக்கிற கிடங்கு ஒன்றின் முற்றத்தில்தான் எப்போதும் நிறுத்துவோம். ஞாயிற்றுக்கிழமை சுமை ஏற்றுகிறவர்கள் வர மாட்டார்கள். நாங்கள் அண்ணன் முறையில் இக்கா என்று கூப்பிடுகிற காவல்காரர் மட்டும் கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். முற்றத்தில் ரெண்டு ஆடு படுத்திருக்கும். நான் பிளாஸ்டிக் நாற்காலியை நிழலில் போட்டு, அவரை உட்காரவைத்து, "இந்த நாற்காலியை விட்டு எணீக்கண்டா, மனசிலாயோ?" என்றேன். காலையிலேயே மலையாளம் வந்துவிட்டது. அவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

"சேச்சி, இது தையல் மெஷின் அல்ல கேட்டோ," என்றார் இக்கா.

"உங்க வேலையைப் பாருங்க இக்கா."

"என் வேலையே பாக்கறதுதானே சேச்சி," என்று ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பானெட்டைத் தூக்கினேன். அதைத் தாங்குகிற கம்பி எந்த ஓட்டையில் நிற்கும் என்பதே தெரியவில்லை. தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று முதல் பயம். பேட்டரியின் மைனஸ் கம்பியை முதலில் கழற்ற வேண்டும் என்று அவர் சொன்னபோது இரண்டாவது பயம். ரப்பர் செருப்பு போட்டிருந்தேன், இருந்தும் பாத்திரம் தேய்க்கும் கையுறையை மாட்டிக்கொண்டுதான் ஸ்பேனரை வைத்தேன். தொட்டதும் ஷாக் அடித்துப் பின்னால் தூக்கி எறியும் என்று எதிர்பார்த்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. நட்டு சுழன்றது, கம்பி வந்துவிட்டது. எனக்கு ஏதோ பாம்பைப் பிடித்துவிட்ட மாதிரி இருந்தது.

நான் முன்னே பின்னே திருகு தொடாதவள் இல்லை. என் மெஷினின் அடிப்பாகத்தைப் பிரித்துப் பஞ்சு எடுத்து எண்ணெய் விட்டு மாட்டுவேன். அங்கே எது எதற்கு என்று தெரியும். இங்கே எல்லாமே கறுப்பு, எல்லாமே ஒன்றோடு ஒன்று கட்டிப் போட்ட மாதிரி. பெட்டியோடு வந்த தாளில் அம்புக்குறி போட்ட படங்கள் இருந்தன. அந்தப் படத்தில் இருந்த எஞ்சின் துடைத்து வைத்த வெள்ளிப் பாத்திரம் போல இருந்தது. எங்களுடையதில் எங்கே குழாய் முடிகிறது, எங்கே அழுக்கு தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

பழைய பிளாஸ்டிக் டப்பாவின் கிளிப்புகளைத் திறந்து மூடியை எடுத்தேன். உள்ளே இருந்த பழைய ஃபில்டர் முழுக்கச் சுக்குத் தூசி. மடிப்புக்கு மடிப்பு மிளகுத் தோல் அடைந்துகிடந்தது. கையில் எடுத்ததும் தும்மல் பிடித்துக்கொண்டது. நான் தும்ம, ஆடு எழுந்து நிற்க, இக்கா சிரிக்க, என் கணவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"இரிங்க அங்க!"

"பாக்கத்தானேடீ எழுந்தேன். பாத்தியா, இத்தனை நாளா பாவம் இதைத்தான் தின்னுட்டிருந்துச்சு."

"உக்காந்துட்டே பாருங்க."

டப்பாவை முழுசாக எடுத்ததும் எஞ்சினுக்குள் போகிற வாய் திறந்துகொண்டது. இருட்டாக ஒரு ஓட்டை. அதில் ஏதாவது விழுந்தால் எஞ்சின் போயிற்று என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார். ரவிக்கைக்கு உள்ளே வைத்துத் தைக்கிற லைனிங் துணி கொண்டுபோயிருந்தேன். அதைச் சுருட்டி அந்த வாயை அடைத்தேன். அடைத்த பிறகும் நிம்மதி இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு திருகு கையிலிருந்து நழுவி, எங்கேயோ டிங் என்று பட்டுக் காணாமல் போனது. துணி இருக்கிறது, உள்ளே போயிருக்க முடியாது என்று அவர் சொல்கிறார். எனக்கு அது மூளைக்கு ஏறவில்லை. துணியைப் பிரித்து, உதறி, மறுபடி அடைத்து, டார்ச் அடித்துத் தேடினேன். கடைசியில் இக்காதான் காருக்கு அடியில் குனிந்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தார். ஒன்றும் கிண்டல் பண்ணாமல் சாயா போடப் போய்விட்டார்.

அடுத்தது சென்சார். பழைய டப்பாவில் இருந்து அதைக் கழற்றிப் புதுக் குழாயில் வைக்க வேண்டும். உள்ளே போகிற காற்று எவ்வளவு என்று அளந்து சொல்வது அதுதான். ஒரு விரல் நீளம்தான் இருக்கும்.

"அதோட நுனியில உள்ள ஒரு கம்பி இருக்கும், தலைமுடி மாதிரி. அதுல விரல் படவே கூடாது," என்றார். "வண்டியில ரொம்ப நாசூக்கான சாமான் அது. அது கெட்டா எஞ்சின் ஓடாது."

இதை ஏன் என்னிடம் கொடுக்கிறார்கள் என்று இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கழற்றினேன். கழற்றி ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்தேன்.

எங்கள் வீட்டில் புதுசாக எது வந்தாலும் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் இயக்க மாட்டோம். ஃபிரிட்ஜுக்கு வைத்தோம், மிக்ஸிக்கு வைத்தோம், என் மெஷினுக்கு இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தோறும் உண்டு. அன்றைக்கும் சின்ன டப்பியில் சந்தனம் கரைத்துக் கொண்டுபோயிருந்தேன், கூடவே நாலு பூ. இக்கா சாயாவோடு வந்ததும் இவர் அந்தப் பக்கம் திரும்பிக் கிளாஸை வாங்கினார். அந்த நேரத்தில் புதுக் குழாய்க்கு ஒரு பொட்டு வைத்தேன். சிவப்புக் கூம்பு ஃபில்டருக்கு ஒன்று வைத்தேன். பிறகு அந்தச் சென்சாரைப் பார்த்தேன். இருக்கிறதிலேயே நாசூக்கானது, அது கெட்டால் எல்லாம் கெட்டது என்றால், சாமி முதலில் அதைத்தானே காப்பாற்ற வேண்டும்? விரல் படக்கூடாது என்றார். நான் விரலால் தொடவில்லை. பூக்காம்பைச் சந்தனத்தில் தொட்டு, நுனியில் மெதுவாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி ஒரு பொட்டு வைத்தேன். கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டியிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை. காருக்காக வேண்டவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகவே நடந்தது. சென்சாரைக் குழாயில் வைத்து முடுக்கினேன். எஞ்சின் வாயிலிருந்து லைனிங் துணியை எடுத்தேன். எடுத்துவிட்டேனா என்று மறுபடி விரலை விட்டுப் பார்த்தேன். ரப்பர் வளையத்தை மாட்டி, குழாயைச் சொருகி, அந்தக் கிளாம்ப் என்கிற உலோகப் பட்டைகளைச் சுற்றி இறுக்கினேன். கூம்பு ஃபில்டரை நுனியில் பொருத்தினேன். பேட்டரிக் கம்பியை மாட்டினேன். கறுப்புக்கு நடுவில் பளபளவென்று புதுக் குழாய், அதில் மஞ்சளாகச் சந்தனம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம் எனக்கே என்மேல் மதிப்பு வந்துவிட்டது.

உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். கார் உறுமியது. நான் அப்படி ஒரு சத்தத்தை அந்தக் காரிடம் கேட்டதில்லை. உறுமிவிட்டு உடம்பெல்லாம் குலுங்கியது. மஞ்சள் விளக்கு எரிந்தது. நின்றுவிட்டது. மறுபடி திருப்பினேன். மறுபடி குலுங்கி நின்றது.

"போயி," என்றார் இக்கா.

எனக்கு உலகமே போன மாதிரி இருந்தது. அந்தத் திருகு உள்ளேதான் விழுந்திருக்கிறது, இக்கா எடுத்துக் கொடுத்தது வேறு ஏதோ திருகு என்று முடிவே பண்ணிவிட்டேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்தக் கொஞ்ச நேரம் போதும் அவருக்கு. நான் தலையைத் தூக்கிப் பார்க்கும்போது நாற்காலி காலியாக இருந்தது. பானெட்டுக்குப் பின்னால் அவர் தோள் மட்டும் தெரிந்தது.

"தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே இறங்கி ஓடினேன்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்றார். கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

குழாயில் என் சந்தனப் பொட்டுக்குப் பக்கத்தில் ரத்தம் சொட்டியிருந்தது.

கிளாம்பின் மீந்த நுனி ஆள்காட்டி விரலின் அடியில் கிழித்திருந்தது. பெரிய வெட்டு இல்லை. வேறு யாருக்காவது பட்டிருந்தால் வாயில் வைத்துச் சப்பிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். அவருக்கு அது நூல் பிடித்த மாதிரி மணிக்கட்டு வரை ஓடிக்கொண்டிருந்தது. மீதி இருந்த லைனிங் துணியை மடித்து வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை, முழுக்க மலையாளம் என்பது மட்டும் தெரியும். இக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. "ஆட்டோ விளிக்கட்டே சேச்சி?" என்றார். கூப்பிட்டு கேட்டில் நிறுத்திவையுங்கள் என்றேன். அவர் ஓடினார்.

இவரை நிற்கவைக்க பயமாக இருந்தது. காரின் பின்சீட்டில் உட்காரவைத்து நானும் ஏறினேன். சுக்குத் தூசி காயத்தில் படக்கூடாது என்று கதவைச் சாத்தினேன். அவர் கையைத் தன் தலைக்கு மேலே தூக்கிக்கொள்ள, நான் சீட்டில் முட்டிபோட்டு அந்த விரலை நசுக்குகிற மாதிரி பிடித்திருந்தேன். என் துணி வழியாக ஈரம் வெளியே வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. அவர் செத்துப்போவார் என்று தோன்றியது. ஒரு பட்டையின் நுனியால், ஒன்றுக்கும் உதவாத ஒரு குழாயால், என் கண் முன்னால்.

காருக்குள் ஒரு சத்தமும் இல்லை. டிக் டிக் மட்டும் கேட்டது. வழக்கத்தைவிட வேகமாக.

"கேக்குது," என்றேன். எனக்குத் தைரியம் வரச் சொன்னேன், அவருக்கும் வரட்டும் என்று சொன்னேன். "நல்லா கேக்குதுங்க. ஒண்ணும் ஆகாது. கேளுங்க."

"எனக்குக் கேக்க வேண்டா," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார்.

"என்ன சொல்றீங்க?"

"உனக்கு அது கேட்டா தைரியம். எனக்குத் தெரியும். மெஷினை நிறுத்தி நிறுத்திக் கேக்கறியே, தெரியாதா? எனக்கு அப்படி இல்ல. ஒண்ணு அடிச்சா அடுத்தது வருமான்னு இருக்கும். அது வந்தா அதுக்கு அடுத்தது. வீட்டுலயாவது எழுந்து போயிடலாம். இந்த வண்டிக்குள்ள கண்ணாடியை ஏத்திட்டா என் காதுக்குள்ளயே உக்காந்து அடிக்குது. தினமும் பாலம் ஏறி இறங்கற வரைக்கும் அதையே கேட்டுட்டு வரேன்."

"சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்ல? நெஞ்சு அடிக்கறது கேட்டா பயமா இருக்குன்னா? ரேடியோ வெச்சுப் பாத்தேன், நீ அணைச்சுட்டே. உனக்கு ஓட்ட வராதுன்னே. சரி, வண்டியே சத்தம் போட்டா நீ அணைக்க முடியாதில்லையா?"

இழுவையும் இல்லை, மூச்சும் இல்லை. சத்தத்துக்காகத்தான் அந்தக் குழாயை வாங்கியிருக்கிறார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை நாள் மனசில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாரே என்று. கோபத்துக்கு அடியிலேயே பயம் நின்றது. அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு ஒரு நிமிஷம் ஓடாது. அந்தச் சத்தத்தோடு அவருக்கு ஒரு நிமிஷம் ஓடாது. ஒரே வீட்டில், ஒரே காரில் இரண்டு பேரும் என்ன செய்வது?

"எனக்குக் கேக்கலேன்னா நான் எப்படீங்க வண்டி ஓட்டுவேன்?" என்று கேட்டேன். அழுதுவிட்டேன்.

"ரோட்டைப் பாத்துத்தான் ஓட்டணும்," என்றார். "என் நெஞ்சைப் பாத்து ஓட்டறதுக்கு லைசென்ஸ் குடுக்கல."

எவ்வளவு நேரம் அப்படியே பிடித்திருந்தேனோ தெரியாது, கை மரத்துப்போயிற்று. மெதுவாகத் துணியைத் தூக்கிப் பார்த்தேன். ரத்தம் கட்டி நின்றிருந்தது. மறுபடி மூடிக் கட்டுப் போட்டேன். இக்கா கண்ணாடியில் தட்டி, ஆட்டோ வந்துவிட்டது என்று ஜாடை காட்டினார். கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள் என்றேன். மறுபடி பார்த்தேன், கட்டில் புதுசாகச் சிவப்பு ஏறவில்லை. ஆட்டோவை அனுப்பிவிட்டோம்.

"எடீ, அந்தச் சென்சார் நுனியில கை பட்டுதா?" என்று கேட்டார்.

"விரல் படல."

"வேற என்ன பட்டுது?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். கீழே இருந்த சந்தன டப்பியைப் பார்த்தார்.

"அதுக்குமா வெச்சே?"

"பூக்காம்பாலதான் வெச்சேன்," என்றேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சீட்டில் சாய்ந்து, கட்டுப் போட்ட கையை மேலே தூக்கிப் பிடித்தபடியே சிரித்தார். சிரித்து நெஞ்சு அதிர்ந்து மறுபடி ரத்தம் வந்துவிடப் போகிறது என்று எனக்கு அதற்கும் பயம். இக்காவுக்கு விஷயம் தெரிந்ததும், "குங்குமம் வெச்சில்லே சேச்சி? அதான் கோபம் வந்துட்டு" என்றார். நானும் சிரித்திருக்க வேண்டும், ஆனால் கட்டில் சிவப்பு ஏறுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்சாரைச் சுத்தம் பண்ணும் ஸ்ப்ரே ஒன்றை அவர் குழாயோடு சேர்த்தே வாங்கி வைத்திருந்தார். இந்த முறை காரின் பின்சீட்டை விட்டு இறங்கக் கூடாது என்று சாமிமேல் ஆணை வைத்தேன். பேட்டரிக் கம்பியைக் கழற்றினேன், சென்சாரைக் கழற்றினேன், நுனியில் ஸ்ப்ரே அடித்தேன். சந்தனம் கரைந்து வழிந்தது. காயவைத்தேன். கிளாம்பின் மீந்த நுனிகளையெல்லாம் மடித்துத் துணிப் பட்டை சுற்றினேன். மறுபடி எல்லாவற்றையும் மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். உறுமியது. குலுங்கவில்லை. மஞ்சள் விளக்கு அணைந்தது. இக்கா கை தட்டினார்.

"ஒரு ரவுண்டு போலாமா?" என்றார் அவர், முன்சீட்டுக்கு மாறிக்கொண்டே. "தீவு வரைக்கும்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. கட்டைப் பார்த்தேன், காய்ந்திருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தேன். புதுச் சத்தத்தைச் சோதித்துப் பார்க்க அவரே கண்ணாடியை ஏற்றினார்.

கடைத்தெருவில் மெதுவாகப் போகும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. டிக் டிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தோப்பும்படி தாண்டிப் பாலத்தின் ஏற்றம் வந்ததும் ஆக்ஸிலேட்டரில் காலை அழுத்தினேன். முன்னாலிருந்து ஒரு உறுமல் எழுந்து கார் முழுக்க நிறைந்தது. சீட்டிலும் ஸ்டியரிங்கிலும் அது தெரிந்தது. டிக் டிக் போய்விட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக, அவர் பக்கத்திலேயே இருக்கும்போது எனக்கு அது கேட்கவில்லை. என்னால் தாங்க முடியவில்லை. காலை எடுத்துவிட்டேன்.

உறுமல் அடங்கியது. டிக் டிக் கேட்டது. எனக்கு உயிர் வந்தது. ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தேன். கட்டுப் போடாத கை முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தது, விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. இத்தனை நாள் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டியிருக்கிறேன், காதைக் கொடுத்தேனே தவிர அந்தக் கையை ஒருநாளும் பார்க்கவில்லை.

காலை மறுபடி அழுத்தினேன். கியர் மாற்ற வேண்டிய இடத்தில் மாற்றாமல், அது எவ்வளவு கத்துமோ அவ்வளவு கத்தவிட்டேன். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான். பாலத்தின் உச்சி தாண்டியதும் முழங்காலிலிருந்து அந்தக் கை மெல்லப் பிரிந்தது. பிரிந்து மடியில் மல்லாந்து கிடந்தது. தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்துவிட்டது, கண் மூடியிருந்தது. தூங்குகிறார் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். கூப்பிட்டால் விழித்துக்கொள்வார். காலை எடுத்தால் அவருக்கும் அந்தச் சத்தம் கேட்டுவிடும். இரண்டையும் செய்யாமல், அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே, தீவு வரை ஓட்டினேன்.